அகரம் தந்த நூல்கள்

நுழையும்முன்

எழுத்துகளை வரிசையாக ஒப்பிப்பது குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடும் பயிற்சி என்று பலர் கருதுவர். ஆனால், அந்த வரிசையையே சட்டகமாகக் கொண்டு அறநூல்கள் எழுந்துள்ளன, சிற்றிலக்கியங்கள் பாடப்பட்டுள்ளன, அகராதிகள் தொகுக்கப்பட்டுள்ளன. எழுத்து வரிசை ஒன்று எவ்வாறு நூலாகிறது என்பதையும், எழுத்தில் ஏறாத மொழிக்கு என்ன நேர்கிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

நெடுங்கணக்கும் அதன் ஒழுங்கும்

தமிழ் எழுத்துகளின் முழு வரிசைக்கு 'நெடுங்கணக்கு' என்பது பெயர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள் அதில் அடங்கும். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துடன் தொடங்குகிறது. அகரம் முதல் னகரம் ஈறாக முதலெழுத்துகள் முப்பது என வரையறுத்த பின்னரே அது சொல்லையும் பொருளையும் பற்றிப் பேசுகிறது. திருக்குறளின் முதற்குறள் அகரத்தில் தொடங்குகிறது. 1330 ஆம் குறள் னகர மெய்யில் முடிகிறது. தமிழ் எழுத்தின் தொடக்கமும் முடிவும் நூலின் தொடக்கமும் முடிவுமாக அமைந்திருப்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பயிலும் மாணவர் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் இந்தியையும் ஆங்கிலத்தையும் முதலில் எழுதக் கற்கின்றனர். 'தமிழ் பேச வரும். படிக்க வராது' என்னும் நிலை அவர்களுக்கு எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. அத்தகையோர்க்குத் தேவநாகரி வரிசையே தமிழ் வரிசைக்கு ஒரு திறவுகோலாகும்.

தேவநாகரியில் ககர வரிசையில் ஐந்து எழுத்துகள் உள்ளன. தமிழ் அவ்வைந்தனுள் முதலாவதையும் இறுதியானதையும் மட்டுமே கொண்டுள்ளது. அவையே க, ங. சகர வரிசையிலும் அவ்வாறே ச, ஞ. தொடர்ந்து ட, ண, த, ந, ப, ம எனப் பத்து எழுத்துகள் அமைகின்றன. அடுத்து வரும் ய, ர, ல, வ என்னும் நான்கும் இரு மொழிகளிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இறுதியில் உள்ள ழ, ள, ற, ன என்னும் நான்கையும் தமிழ் மாணவர் தனியே மனத்தில் கொள்ளவேண்டும். பத்தும் நான்கும் நான்கும் சேர்ந்து பதினெட்டு மெய்கள் ஆகின்றன. உயிர்களில், இந்தியில் தனி எழுத்துப் பெறாத குறில்களாகிய எ, ஒ என்னும் இரண்டையும் கூடுதலாக அறிந்துகொண்டால் போதும். இந்தி எழுத்துகளை அறிந்த மாணவர் தமிழ் வரிசையின் பெரும்பகுதியை ஏற்கெனவே அறிந்தவராவார்.

அரிச்சுவடி

எழுத்து வரிசையிலிருந்து பிறந்த முதல் நூல் அரிச்சுவடியே ஆகும். திண்ணைப் பள்ளிகளில் 'அரி' என்னும் சொல்லை முதலாகக் கொண்ட வணக்கத்துடன் எழுத்துப் பயிற்சி தொடங்கியமையால் இச்சுவடி அப்பெயர் பெற்றது என்பர். மாணவர் முதலில் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்படும். முன்னரே கற்றுத் தேர்ந்த மாணவன் 'சட்டாம்பிள்ளை' என்னும் பெயருடன் இளையோர்க்குக் கற்பிப்பான்.

இம்முறை தமிழகத்திற்கு அப்பாலும் சென்றது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் மேற்கொண்டார். 1797 ஆம் ஆண்டு இதனைப் பற்றி இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் பரவிய அம்முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வழங்கிற்று.

அச்சுக்கலையிலும் தொடக்கநிலை நூல்களே முதலில் வந்தன. 1554 ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்துகளில் பொறித்த சமயத் தொடக்கநூல் ஒன்று அச்சாயிற்று. 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 'பாலபாடம்' என்னும் வரிசை நூல்களை எழுதி, அச்சிட்ட பள்ளிப் புத்தகத்திற்கு ஒரு முன்மாதிரி தந்தார்.

ஆத்திசூடி: எழுத்துக்கு ஓர் அறம்

எழுத்தைக் கற்பிக்கும்போதே வாழும் முறையையும் கற்பிக்கலாம் என்னும் எண்ணத்தில் விளைந்த நூல் ஆத்திசூடி. இதனை இயற்றிய ஔவையார் சங்ககால ஔவையாரினும் வேறானவர். சோழர் காலத்தவர் என ஆய்வாளர் பலர் கருதுவர். கடவுள் வாழ்த்தின் முதற்சொல்லே நூலுக்குப் பெயராயிற்று. ஆத்திப் பூவைச் சூடிய சிவபெருமானை அச்சொல் குறிக்கும். நூலில் 109 ஓரடித் தொடர்கள் உள்ளன.

அகரத்திற்குரிய தொடர் அறம் செய்ய விரும்புமாறு கூறுகிறது. ஆகாரத்திற்குரியது சினம் தணியவேண்டும் என்கிறது. இகரம், தம்மால் இயன்றதை ஒளிக்காமல் கொடுக்கச் சொல்கிறது. ஈகாரம், பிறர் கொடுப்பதைத் தடுக்கலாகாது என்கிறது. எழுத்து நினைவுக்கு வரும்போதெல்லாம் அறமும் உடன் வரும். அறம் நினைவுக்கு வந்தால் எழுத்தும் தன் இடத்தில் நிற்கும்.

இந்நூலை இயற்றியவர்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. தமிழ் எழுத்துகள் அனைத்தும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ட, ண, ழ, ள, ற, ன முதலியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆய்தமும் முதலில் வாராது. அவ்வெழுத்துகளை விட்டுவிட்டால் வரிசை குறைபடும். வலிந்து முதலில் வைத்தால் மொழி மரபு கெடும். ஔவையார் இரண்டையும் காத்தார். அத்தகைய எழுத்தின் முன் ஓர் உயிரை நிறுத்தி, உரிய எழுத்தை இரண்டாம் இடத்தில் வைத்தார். டகரத்திற்கு 'இடம்' என்னும் சொல்லையும், ழகரத்திற்கு 'அழகு' என்பதனையும், ளகரத்திற்கு 'இளமை' என்பதனையும், றகரத்திற்கு 'அறன்' என்பதனையும் அமைத்தார். ஆய்தத்திற்கு 'அஃகம்' என்னும் சொல் வந்தது. அஃகம் என்பது தானியம். தானியத்தை அளவு குறைத்து விற்கலாகாது என்பது அத்தொடரின் கருத்து. எழுத்துக்காகத் தேடிய சொல் சந்தையில் ஏமாற்றாதே என்னும் அறமாகவும் அமைந்தது.

ஙகரத்திற்கு அமைந்த தொடர் இன்னும் நுட்பமானது. அது அந்த எழுத்தையே உவமையாக்குகிறது. ஙகர வரிசையில் உள்ள பன்னிரண்டு உயிர்மெய்களில் சொற்களில் பயன்படுவது பெரும்பாலும் 'ங' ஒன்றே. ஙா, ஙி, ஙீ முதலியவற்றுக்கு ஏறத்தாழ வேலையில்லை. ஆயினும் அந்த ஓர் எழுத்து பயன்படுவதால் அதன் இனத்தைச் சேர்ந்த ஏனைய எழுத்துகளும் நெடுங்கணக்கில் இடம் பெறுகின்றன. அதுபோலப் பயனுடைய ஒருவர் தம் சுற்றத்தாரைத் தழுவிக் காக்கவேண்டும் என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவர்.

ஔவையாரின் மற்றொரு நூலாகிய 'கொன்றை வேந்தன்' 91 தொடர்களைக் கொண்டது. அதுவும் அகர வரிசையிலேயே செல்கிறது.

ஒரே அகரம், மூன்று காலம்

ஆத்திசூடியின் வடிவம் பிற்காலப் புலவர்களையும் ஈர்த்தது. சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) 110 தொடர்களில் 'புதிய ஆத்திசூடி'யை இயற்றினார். பாரதிதாசனும் (1891–1964) ஓர் ஆத்திசூடி இயற்றினார்.

மூன்று நூல்களின் முதல் தொடரை மட்டும் ஒப்பிட்டால் மூன்று காலங்களின் தேவை புலப்படும். ஔவையாரின் அகரம் அறத்தை விரும்பச் சொன்னது. பாரதியாரின் அகரம் அச்சத்தை விடச் சொன்னது. நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில் குழந்தை முதலில் கற்கவேண்டியது அஞ்சாமையே என அவர் கருதினார். பாரதிதாசனின் அகரம் எல்லோரும் உறவினரே என்றது. சாதியால் பிரிந்து கிடந்த சமுதாயத்திற்கு அதுவே முதற்பாடம் என்பது அவர் நோக்கு. எழுத்து மாறவில்லை. அவ்வெழுத்தில் தொடங்கும் சொல்லைப் புலவர் காலத்திற்கேற்பத் தேர்ந்தெடுத்தார்.

மொழி நோக்கிலும் வேறுபாடு உண்டு. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாராமையால், ஔவையார் அவற்றுக்கு முன் உயிரெழுத்தை வைத்தார். பாரதியாரோ ரௌத்திரம், லீலை போன்ற வடசொற்களை நேரே முதலில் வைத்தார். ஞகரத்திற்கு ஞமலி, ஞாயிறு, ஞிமிறு என அருகிவந்த சொற்களையும் தேடிச் சேர்த்தார். ஞமலி என்பது நாய். ஞிமிறு என்பது வண்டு. எழுத்து வரிசை, மறந்த சொற்களைத் தேடி எடுக்கவும் புலவரைத் தூண்டுகிறது.

தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களிலும் இவ்வடிவம் இடம் பெற்றது. மொழிக்கு முதலாகும் எழுத்துகளின் வரிசையில் பாடல்களை அமைப்பது வருக்கமாலை. அகப்பொருள் கோவையை அவ்வரிசையில் பாடுவது வருக்கக்கோவை. 'நெல்லை வருக்கக்கோவை' அவ்வகையைச் சார்ந்தது.

பிற மொழியினரும் இவ்வுத்தியைக் கையாண்டுள்ளனர். விவிலியத்தின் 119 ஆம் சங்கீதம் எபிரேய மொழியின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனம் வீதம் 176 வசனங்களைக் கொண்டது. தமிழ் விவிலியத்தில் அப்பகுதியைத் திறந்தால் எபிரேய எழுத்துகளின் பெயர்கள் தலைப்புகளாக நிற்பதைக் காணலாம். 1658 ஆம் ஆண்டு கொமேனியசு என்னும் கல்வியாளர் குழந்தைகளுக்காக வெளியிட்ட படநூலில், ஒவ்வோர் எழுத்தின் ஒலியும் ஓர் உயிரினத்தின் ஒலியோடு இணைக்கப்பட்டது. இன்று வகுப்பறைச் சுவரில் தொங்கும் எழுத்துப் படங்களுக்கு அந்நூல் ஒரு முன்னோடி.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

அகரம் + ஆதி = அகராதி. அகரத்தை முதலாகக் கொண்டது என்பது இதன் பொருள். எனினும், தமிழில் சொற்பொருள் கூறும் நூல்கள் தொடக்கத்தில் அகர வரிசையில் அமையவில்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள் அடிப்படையில் தொகுத்தன. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கட் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்கின் பெயர்கள் ஒரு தொகுதி எனத் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்துள்ளது. அவை செய்யுள் வடிவின. மனப்பாடம் செய்தவர்க்கே அவை முழுமையாகப் பயன்பட்டன. ஒரு சொல்லின் பொருளை அறிய விரும்புவோர் அது எத்தொகுதியைச் சார்ந்தது என்பதை முன்னரே அறிந்திருக்கவேண்டும்.

1594 ஆம் ஆண்டு சிதம்பர ரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' இயற்றினார். சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்த முதல் தமிழ் நிகண்டு இதுவே. 1732 ஆம் ஆண்டு வீரமாமுனிவர் 'சதுரகராதி'யைத் தொகுத்தார். சதுர் என்பது நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடைமையால் அது அப்பெயர் பெற்றது. இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த அவர், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைக் காட்டும் வரிவடிவத்தையும் சீர்செய்தார். அதற்கு முன்னர்க் குறிலையும் நெடிலையும் பிரித்தறியப் புள்ளி ஒன்றே துணையாக இருந்தது. ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் பலர் அதனையும் விட்டுவிடுவர்.

இருபதாம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. பின்னிணைப்பு 1939 ஆம் ஆண்டு வந்தது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. அதன் பதிப்பாசிரியராக ச. வையாபுரிப்பிள்ளை பணியாற்றினார்.

நிகண்டு கற்றோர்க்கு உரியதாக இருந்தது. அகராதியோ எழுத்து வரிசை மட்டும் அறிந்த எவர்க்கும் உரியதாயிற்று. ஆசிரியர் அருகில் இல்லாத இடத்திலும், கடல் கடந்த ஊரிலும், ஒரு மாணவர் தாமே சொல்லைத் தேடிப் பொருள் காணலாம். அதற்கு அவர் கொண்டுசெல்ல வேண்டிய கருவி நெடுங்கணக்கு ஒன்றே.

எழுத்தில் ஏறாத மொழி

தீவுகளின் தொல்குடி மொழிகள் எழுத்து வடிவம் இன்றி வாய்மொழியாகவே வாழ்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரந்தமானியர் பத்துக் குழுவினராக வாழ்ந்தனர். ஒவ்வொரு குழுவினர்க்கும் தனிப்பேச்சு இருந்தது. நோயும் குடியேற்றமும் அவர்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தன. அப்பேச்சுகளுள் ஒன்று போ மொழி. அதனைப் பேசிய இறுதி மூதாட்டி போவா சீனியர் 2010 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் மறைந்தார். அவர் மறைவோடு அம்மொழியைப் பேசுவோர் எவரும் இல்லாமற் போயினர். இறுதி ஆண்டுகளில் தம் மொழியில் உரையாட ஒருவரும் இன்றி அவர் வாழ்ந்தார்.

எனினும், அவர் பேசிய சொற்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி, பேரந்தமானிய முதியோருடன் அமர்ந்து சொற்களையும் கதைகளையும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்தார். பேரந்தமானிய மொழிக்கு ஓர் அகராதியும் தொகுத்தார். இதுவரை எழுதப்படாத மொழிக்கு அகராதி செய்வதற்கு முன் வேறொரு பணி உண்டு. அம்மொழியில் எத்தனை ஒலிகள் உள்ளன, ஒவ்வோர் ஒலிக்கும் எந்த எழுத்து, எழுத்துகளின் வரிசை யாது என்பனவற்றை முதலில் முடிவு செய்யவேண்டும். அரிச்சுவடி இன்றி அகராதி இல்லை.

நிக்கோபாரில் நிலை வேறு. அங்கும் முற்காலத்தில் எழுத்து இல்லை. 1889 ஆம் ஆண்டு எ. ஹொ. மேன் என்னும் ஆங்கிலேய அலுவலர் மத்திய நிக்கோபார் மொழிக்கு ஓர் அகராதியை வெளியிட்டார். 1925 ஆம் ஆண்டு ஜார்ஜ் வைட்ஹெட் தொகுத்த கார் நிக்கோபார் மொழி அகராதி வெளிவந்தது. நிக்கோபாரியரான ஆயர் ஜான் ரிச்சர்ட்சன், விவிலியத்தைத் தம் மக்களின் மொழியில் பெயர்ப்பதற்கு உழைத்தார். 1952 இல் அமைந்த முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் உறுப்பினராக நியமிக்கப்பட்டவரும் அவரே. ரோமன் எழுத்துகளை ஏற்றுக்கொண்ட கார் நிக்கோபார் மொழி இன்றும் வீட்டிலும் வழிபாட்டிலும் வழங்குகிறது.

எழுத்து மட்டுமே ஒரு மொழியைக் காத்துவிடாது, பேசுவோர் வேண்டும். ஆனால், பேசுவோர் குறையும் காலத்தில் எழுத்து, மொழிக்குக் காலநீட்டிப்புத் தருகிறது. பேரன் பேத்தியர் பின்னொரு நாளில் திரும்பி வந்து தேடினால் கிடைப்பதற்கு ஏதேனும் ஒன்று எஞ்சியிருக்கும்.

தீவின் அகர வரிசை

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வாழ்வோருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 2024 ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரிலும், பிற தீவுகளிலும் அவர்கள் வாழ்கின்றனர். 1964 ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. இக்குடும்பங்களின் குழந்தைகளுக்கு அணில், ஆடு, இலை என்னும் வழக்கமான படங்களுடன் தாம் நாள்தோறும் காணும் பொருள்களும் எழுத்துகளாக அறிமுகமாக வேண்டும்.

கீழ்வரும் வரிசை அதற்கு ஒரு மாதிரி:

அ – அலையாத்தி: சேற்றில் வேரூன்றி அலையின் வேகத்தைத் தணிக்கும் மரம்.
ஆ – ஆழிப்பேரலை: 26.12.2004 அன்று தீவுகளைத் தாக்கியது. நிலம் நடுங்கினால் மேட்டுநிலம் நோக்கிச் செல்லக் கற்பித்தது.
இ – இறால்.
உ – உவர்நீர் முதலை: கழிமுகங்களில் வாழ்வது, அங்குத் தனியே நீராடலாகாது.
எ – எரிமலை: பாரன் தீவில் உள்ளது, இந்தியாவில் உயிர்ப்புடன் உள்ள எரிமலை.
ஓ – ஓதம்: கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும்.
ஃ – எஃகு: கப்பலின் உடல்.
க – கடற்பசு: இவ்வொன்றியப் பகுதியின் மாநில விலங்கு.
ஞ – ஞெண்டு: நண்டு என்பதன் பழைய வடிவம்.
ப – படாக்கு: இப்பகுதியின் மாநில மரம்.
ய – யாமை: ஆமை என்பதன் பழைய வடிவம், பெரிய நிக்கோபாரின் கரைகளில் முட்டையிட வரும் பேராமைகளை நினைவூட்டும் சொல்.

ஞகரத்திற்கும் யகரத்திற்கும் சொல் தேடியபோது சங்க இலக்கியச் சொற்கள் இரண்டு தீவின் கரைக்கு வந்துவிட்டன. விடுபட்ட எழுத்துகளுக்கு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் மீன்பிடித் தொழிலிலும் தோட்டத் தொழிலிலும் வழங்கும் சொற்கள் பல கிடைக்கும். அவை எந்த அகராதியிலும் இன்னும் ஏறாத சொற்களாகவும் இருக்கக்கூடும். அவற்றை எழுதி வைப்பவரும் ஒரு நூலைத் தொடங்கியவரே ஆவார்.

தெரிந்து தெளிவோம்

மொழிமுதல் எழுத்துகள்: பன்னிரண்டு உயிர்களும் சொல்லுக்கு முதலில் வரும். க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்து மெய்கள் உயிரோடு சேர்ந்து முதலில் வரும் என்பது நன்னூல் கருத்து. ஏனைய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா.

அகராதியில் சொல் தேடும் முறை: முதலெழுத்து ஒன்றாக இருப்பின் இரண்டாம் எழுத்தை நோக்கவேண்டும், அதுவும் ஒன்றாயின் மூன்றாம் எழுத்தை நோக்கவேண்டும். எடுத்துக்காட்டு: கடல், கடற்பசு, கண்டல், கப்பல், கரை, கலம். லகரம் றகரத்திற்கு முந்தியது. ஆதலின் 'கடல்' முதலிலும் 'கடற்பசு' அடுத்தும் நின்றன.

சொல்லும் பொருளும்

ஆத்தி – ஒருவகை மரம், அதன் பூ
அஃகம் – தானியம்
வருக்கம் – இனம், வரிசை
நிகண்டு – செய்யுள் வடிவில் சொற்பொருள் கூறும் நூல்
கண்டல் – உவர்நிலத்தில் வளரும் அலையாத்தி மரவகை
ஞிமிறு – வண்டு
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஆத்திசூடியில் உள்ள தொடர்களின் எண்ணிக்கை ________.
2. அகராதி நிகண்டை இயற்றியவர் ________.
3. சதுரகராதியின் நான்கு பகுதிகள் பெயர், ________, தொகை, ________.
4. இந்தியில் தனி எழுத்துப் பெறாத தமிழ்க் குறில்கள் ________, ________.

ஆ. அகர வரிசைப்படுத்துக.
ஓதம், அலை, இறால், அந்தமான், படாக்கு, அணை, பவளம், எஃகு, ஆமை.

இ. குறுவினா
1. அகராதி என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் தருக.
2. மொழிக்கு முதலில் வாராத எழுத்துகளை ஔவையார் எவ்வாறு கையாண்டார்? இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.
3. ஙகரத் தொடருக்கு உரையாசிரியர்கள் கூறும் கருத்து யாது?

ஈ. சிறுவினா
1. ஔவையார், பாரதியார், பாரதிதாசன் ஆகியோரின் ஆத்திசூடிகளை முதல் தொடரின் கருத்து நோக்கில் ஒப்பிடுக.
2. நிகண்டும் அகராதியும் எவ்வகையில் வேறுபடுகின்றன?
3. எழுதப்படாத மொழிக்கு அகராதி தொகுப்போர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை யாவை?

உ. நெடுவினா
'எழுத்து மட்டுமே ஒரு மொழியைக் காத்துவிடாது, பேசுவோர் வேண்டும்.' இக்கருத்தைப் போ மொழி, கார் நிக்கோபார் மொழி ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு விளக்குக. உங்கள் வீட்டில் தமிழ் நிலைபெற நீங்கள் செய்யக்கூடிய இரண்டு செயல்களையும் எழுதுக.

ஊ. செயல்பாடு
1. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்துக்கொள்க. ஒவ்வொரு குழுவும் மொழிமுதல் எழுத்துகள் ஐந்தனைத் தேர்ந்து, தீவு வாழ்வில் வழங்கும் சொற்களைத் திரட்டுக. சொல், பொருள், அதனைச் சொன்னவரின் உறவுமுறை (தாத்தா, அம்மாச்சி, மாமா) ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்க. பின்னர் அனைத்தையும் அகர வரிசையில் அடுக்கி, 'எங்கள் தீவின் அகராதி' என்னும் கையெழுத்து நூலாக்குக.
2. உங்கள் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு ஓரடியில் ஓர் அறிவுரைத் தொடர் எழுதுக. வகுப்பினர் அனைவரின் தொடர்களையும் வரிசைப்படுத்தினால் அது உங்கள் வகுப்பின் ஆத்திசூடி ஆகும்.